ஏஞ்சலா யாருடையவள்?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 6
மார்வெல் காமிக்ஸ் நாயகன் தோருக்கு அக்கா ஹெலாதானே? படத்தில் அப்படித்தான் காட்டினார்கள். ஏஞ்சலா என்று வாள் பிடித்த தேவதை ஒருத்தியும் அக்கா முறை என்று நண்பன் சொல்கிறான். இன்னொருவன், அவள் மார்வெல்லே கிடையாது, ஸ்பான் காமிக்ஸில் வந்தவள் என்கிறான். எது சரி?

ஏப்ரல் 6
ரெண்டு நண்பர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். குழப்பியது படம். 2017-ல் வந்த தோர் படத்தில் ஹெலாவைத் தோரின் அப்பா ஓடினுக்கு மூத்த மகளாக்கிவிட்டார்கள். காமிக்ஸில் அந்த இடம் ஏஞ்சலாவுடையது. ஓடினுக்கும் ஃப்ரெய்யாவுக்கும் பிறந்த முதல் குழந்தை, இயற்பெயர் ஆல்ட்ரிஃப். தோரைப் பெற்றவள் கையா என்பதால் அப்பா வழியில் மட்டும்தான் உறவு.

ஆனால் இந்தக் குடும்ப அட்டையில் அவள் பெயரைச் சேர்த்ததே 2014-ல்தான். அவள் முதலில் அச்சேறியது 1993 மார்ச்சில், ஸ்பான் 9-ஆவது இதழில். தோரின் உலகமான அஸ்கார்டு, ஓடின் எதுவும் அந்தக் கதையில் இல்லை. ஒரு கம்பெனியில் பிறந்து, செத்து, கோர்ட்டு ஏறி, இன்னொரு கம்பெனியில் வேறு அப்பா அம்மாவோடு எழுந்து வந்த பெண் அவள்.

ஏப்ரல் 6, இரவு
சுருக்கமாக முடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. ஸ்பான் 9 பற்றிச் சொல்லாமல் இது புரியாது.

1992-ல் மார்வெல்லின் நட்சத்திர ஓவியர்கள் ஏழு பேர் வெளியேறி இமேஜ் காமிக்ஸ் தொடங்கினார்கள். வரைபவனுக்குத் தன் படைப்பு சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் சண்டையே. அதில் ஒருவர் டாட் மெக்ஃபார்லேன், அவருடைய தொடர் ஸ்பான். படம் பிரமாதம், எழுத்து சுமார் என்று எல்லோரும் சொல்ல, மனிதர் ரோஷப்பட்டு நாலு பெரிய எழுத்தாளர்களை ஆளுக்கு ஓர் இதழ் எழுத அழைத்தார். 8 ஆலன் மூர், 9 நீல் கெய்மன், 10 டேவ் சிம், 11 ஃபிராங்க் மில்லர். 9-ஆவது இதழ் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கெய்மனுக்குக் கொடுத்தது ஒரு லட்சம் டாலர். ஓர் இதழுக்கு!

அந்த ஓர் இதழில் கெய்மன் மூன்று பாத்திரங்களை விட்டுவிட்டுப் போனார். ஏஞ்சலா, மத்தியகால ஸ்பான், காக்லியோஸ்ட்ரோ என்ற கிழவர். ஸ்பான் என்பவன் நரகம் திருப்பி அனுப்பிய செத்த சிப்பாய். அப்படிப்பட்டவர்களை வேட்டையாடுவது ஏஞ்சலாவின் வேலை. முதல் சில பக்கங்களிலேயே எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மத்தியகால ஸ்பானை முடித்துவிட்டு நிகழ்காலத்துக்கு வருகிறாள்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம். நியூயார்க்கில் ஓர் அலுவலகம். சொர்க்கத்தின் பூலோகக் கிளை. வேட்டைக்கு அவள் அங்கே போய் முறையாக அனுமதி வாங்குகிறாள். தாலுகா ஆபீஸில் சான்றிதழுக்கு நிற்பது போலத்தான். கிரீடமும் ஈட்டியுமாக ஒரு தேவதை, எதிரே மேசை, காகிதம். புனிதம், ஒளிவட்டம், பாவமன்னிப்பு எதையும் கெய்மன் தொடவில்லை. சொர்க்கம் ஒரு துறை, இவள் அதன் ஊழியை. இந்த ஒரு யோசனைதான் அவளை மற்ற காமிக்ஸ் தேவதைகளிடமிருந்து பிரித்தது.

ஏப்ரல் 7
"அந்த இதழ் என் தொகுப்பில் இல்லையே" என்று கேட்டவருக்கு: உங்களுடையது பழைய பெரிய தொகுப்பாக இருக்கும். அதில் 8 முடிந்ததும் நேரே 11. 9-ம் 10-ம் கிடையாது. நான் முதலில் அதைப் படித்தபோது அச்சகத்தில் பாரம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். 9 இல்லாததன் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 9
"இரும்பு பிகினி போட்ட பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா" என்று ஒருவர். நியாயமான கேள்விதான். 1990-களின் அமெரிக்கக் காமிக்ஸில் அரைகுறைக் கவசம், நீள முடி, நீளக் கால், கையில் பெரிய கத்தி என்று பெண்கள் வரிசையாக வந்த காலம் ஒன்று உண்டு. ஏஞ்சலா அந்த வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கிறாள். மெக்ஃபார்லேன் அவளை வரைந்த விதத்தில் போருக்குப் போகிற பெண் யாரும் உடுத்த மாட்டாள். தலையில் இறக்கை வைத்த பெரிய கிரீடம், முகத்தில் சாயக்கோடுகள், இடுப்பிலிருந்து பாம்பு போல் நெளியும் நாடாக்கள். கழுத்துக்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

லயன் காமிக்ஸில் மாடஸ்டி பிளைஸி படித்து வளர்ந்தவன் நான். அங்கேயும் உடை குறைவுதான், ஆனால் மாடஸ்டி என்ன யோசிக்கிறாள் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். ஏஞ்சலா முதலில் கையில் கிடைத்தபோது படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். கெய்மனின் வசனத்துக்காகத்தான் திரும்ப எடுத்தேன். அவளுக்கு வேட்டை பிடித்திருக்கிறது, அதை மறைக்கவில்லை, தன்னை விளக்கிக்கொள்ளவும் இல்லை. படம் ஒரு பெண்ணைக் காட்டுகிறது, வசனம் வேறொரு பெண்ணைக் காட்டுகிறது.

ஏப்ரல் 9, இன்னும் கொஞ்சம்
நாடாக்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் அசைவு என்பதை அவைதான் சொல்கின்றன. மார்வெல் பின்னாளில் எவ்வளவோ மாற்றியும் அவற்றை விடவில்லை.

ஏப்ரல் 10
1994 கடைசியில் தொடங்கி மூன்று இதழ்களாக அவள் பெயரிலேயே ஒரு குறுந்தொடர் வந்தது. எழுத்து கெய்மன், ஓவியம் கிரெக் கபுல்லோ (பின்னாளில் பேட்மேன் வரைந்து பெரிய பெயர் வாங்கியவர்). சொர்க்கமே அவள் மேல் துரோகக் குற்றம் சுமத்தி விசாரிக்கிறது. சாட்சி சொல்ல அழைத்து வருவது யாரை? அவள் கொல்லப் போன ஸ்பானை. கதை முடிகையில் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வேட்டையாடக் கிளம்புகிறாள். கபுல்லோவின் கோடு மெக்ஃபார்லேனுடையதைவிட இறுக்கம், முகத்தில் பாவம் தெரியும். அளவான, கேலி நிறைந்த கதை. ஸ்பான் காலத்து ஏஞ்சலாவில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

2000 நவம்பரில் ஸ்பான் 100-ஆவது இதழ். நரகத்தில் அதன் தலைவன் மாலபோல்ஜியா அவளைக் கொல்கிறான், ஸ்பான் அவன் தலையை எடுக்கிறான். நூறாவது இதழுக்கு ஒரு சாவு வேண்டும் என்று செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அந்த எண்ணம் மாறவில்லை.

ஏப்ரல் 13
சரி, வழக்கு.

1992-ல் மெக்ஃபார்லேன் கெய்மனை அழைத்தபோது எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பெரிய கம்பெனிகள் உங்களை நடத்துவதைவிட நான் நன்றாக நடத்துவேன் என்பது வாய்வார்த்தை. பெரிய கம்பெனிகள் என்றால் மார்வெலும் டி.சி.யும். அப்புறம் ஏஞ்சலா பொம்மை, மறுபதிப்பு என்று வியாபாரம் பெருகியது, பங்கு எவ்வளவு என்பதில் இழுபறி. 1997-ல் ஒரு பண்டமாற்றுப் பேச்சு நடந்தது. மத்தியகால ஸ்பானும் காக்லியோஸ்ட்ரோவும் மெக்ஃபார்லேனுக்கு, மிராக்கிள்மேன் என்ற காமிக்ஸில் மெக்ஃபார்லேன் கையில் இருக்கும் உரிமை கெய்மனுக்கு. கெய்மனுக்கு மிராக்கிள்மேன் மேல் தீராத ஆசை, அவர் எழுதிவந்த அந்தத் தொடர் பாதியில் நின்றுபோயிருந்தது. பேச்சு முறிந்தது. 1999-ல் மெக்ஃபார்லேன் தரப்பு அந்த இரு பாத்திரங்களின் எல்லா உரிமையும் தங்களுடையதே என்று கடிதம் எழுதியது. 2002-ல் கெய்மன் விஸ்கான்சின் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வருஷம் அக்டோபரில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் 2004 பிப்ரவரியில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பும் அவருக்கே சாதகம்.

ஏஞ்சலாவில் கெய்மனுக்குப் பாதி உரிமை உண்டு என்பதை மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பே மறுக்கவில்லை. வாதம் நடந்தது மற்ற இருவரைப் பற்றி. காக்லியோஸ்ட்ரோ வெறும் தெருக்கிழவன், அப்படிப்பட்ட பொதுவான உருவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது என்றார்கள். போஸ்னர் ஒத்துக்கொள்ளவில்லை. குடிகாரக் கிழவன் என்று மட்டும் இருந்தால் சரி. அவனுக்கு ஒரு பெயர், போலியான பிரபுப் பட்டம், அவனுக்குத் தெரிந்த ரகசியங்கள், பேச்சு, வரைந்த முகம் எல்லாம் சேர்ந்துவிட்டால் அது தனிப் பாத்திரம். எழுதியவர், வரைந்தவர் இருவரில் ஒருவர் இல்லாமல் அது வந்திருக்காது, எனவே இருவருக்கும் சொந்தம். காமிக்ஸ் எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு நிதானமாக ஒரு நீதிபதி யோசித்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன். சட்டம் படிக்காதவனுக்கும் புரிகிற நடை. ஒரு மாலை உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

ஏப்ரல் 13, சாப்பாட்டுக்குப் பின்
வழி தவறுகிறேன், மன்னிக்கத் தேவையில்லை. அதே காலத்தில் மெக்ஃபார்லேன் மேல் இன்னொரு வழக்கும் இருந்தது. ஸ்பானில் வரும் ஒரு மாஃபியா தாதாவுக்கு டோனி ட்விஸ்ட் என்று பெயர். அது நிஜமான ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் பெயர். அவர் வழக்குப் போட, 2004-ல் நடுவர் குழு ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த டிசம்பரில் மெக்ஃபார்லேனின் காமிக்ஸ் கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரியது. கெய்மனுக்குச் சேர வேண்டிய கணக்கும் இழுத்துக்கொண்டே போனது.

ஏப்ரல் 15
உடை பற்றி வாதாடியவர் இதை ரசிப்பார். கெய்மன் 2010-ல் திரும்பவும் அதே நீதிமன்றத்துக்குப் போனார். ஸ்பானில் டிஃபனி, டொமினா என்று வேறு இரண்டு வேட்டைத் தேவதைகள் உண்டு, அவர்கள் ஏஞ்சலாவின் நகல்தான் என்பது வாதம். மெக்ஃபார்லேன் தரப்பு, சொர்க்கத்தில் லட்சக்கணக்கான போர்த்தேவதைகள் இருக்கும்போது இவர்கள் தனித்தனி ஆட்கள் என்றது. நீதிபதி பார்பரா கிராப் மூவரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து உடைகளைப் பட்டியல் போட்டார். பிகினி, காலுறைப் பட்டை, அகலமான ஆயுத இடுப்புவார், முழங்கை வரை கையுறை, சரியாகப் பொருந்தாத மார்க்கவசம். எல்லாருக்கும் ஒரே சீருடை என்று முடித்து, டிஃபனியும் டொமினாவும் ஏஞ்சலாவிலிருந்து வந்தவர்களே என்றார்.

பொருந்தாத மார்க்கவசம் என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பில் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுதுவது.

2012 ஜனவரியில் சமரசம். ஏஞ்சலா முழுவதுமாகக் கெய்மன் கைக்கு வந்தாள். மத்தியகால ஸ்பான் இன்றும் மெக்ஃபார்லேன் காமிக்ஸில் சுற்றிக்கொண்டிருக்கிறான், காக்லியோஸ்ட்ரோவும் அங்கேதான்.

ஏப்ரல் 18
2013-ல் கெய்மன் அவளை மார்வெலிடம் கொடுத்தார். 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' பத்தாவது இதழின் கடைசியில் வந்து விழுகிறாள். அடுத்து கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி ஐந்தாவது இதழ், எழுத்தாளர் பெண்டிஸுடன் கெய்மனும் எழுத, சாரா பிச்செல்லி வரைந்தது. அந்தக் கார்டியன்ஸ் குழுவின் கமோராவோடு சண்டை. எனக்குப் பெரிய ஏமாற்றம். எதற்கு வந்தாள், யார் என்று யாருக்குமே தெரியவில்லை என்ற உணர்வு. ஓவியர் ஜோ கெசாடா உடையைக் கொஞ்சம் மாற்றியிருந்தார், கொஞ்சம்தான்.

2014-ல் ஜேசன் ஆரனும் அல் யூயிங்கும் எழுதிய ஐந்து இதழ்களில்தான் வழி பிறந்தது. தோர் கதைகளில் வரும் ஒன்பது உலகங்களுக்கு அப்பால் ஓடின் வெட்டி எறிந்து மறைத்த பத்தாவது உலகம் ஒன்று உண்டு, ஹெவென். அங்கே தேவதைகள். பழைய போரில் அவர்களின் ராணி ஓடினின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்பி ஓடின் அந்த உலகத்தையே பிரித்துப் பூட்டினார். குழந்தை சாகவில்லை. அஸ்கார்டை வெறுக்கும் தேவதைகளுக்கு நடுவில் தேவதையாகவே வளர்ந்தாள். மற்றவர்களுக்கு முதுகில் இறக்கை உண்டு, இவளுக்கு மட்டும் இல்லை. பழைய ஓவியத்தில் கிரீடத்தில் மட்டும் இருந்த இறக்கையை இப்படிக் கதையாக்கியது எனக்குப் பிடித்தது. உண்மை தெரிந்ததும் ராணி அவளை நாடு கடத்துகிறாள். அஸ்கார்டிலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 19
நேற்று விட்டது. ஹெவென் தேவதைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சும்மா எதுவும் கிடையாது. செய்த உதவிக்கு விலை உண்டு, பட்ட கடனைத் தீர்த்தே ஆக வேண்டும், அன்புக்குக்கூடக் கணக்கு. இதைப் படித்தபோது அனுமதிச்சீட்டு வாங்கிய பழைய ஏஞ்சலாவை நினைத்துக்கொண்டேன். கம்பெனி மாறினாலும் அவளுடைய சொர்க்கத்தில் கருணை இல்லை, கொடுக்கல் வாங்கல்தான்.

வெளியிலும் அதே கதை. மார்வெலைவிட நன்றாக நடத்துவேன் என்ற வாக்கில் பிறந்தவள், அந்த வாக்கு உடைந்து மார்வெலுக்கே போனாள். இன்னொன்று: வழக்குச் செலவுக்காகவும் மிராக்கிள்மேன் உரிமைக்காகவும் கெய்மன் 2003-ல் மார்வெலுக்கு '1602' என்ற தொடரை எழுதினார். 2015-ல் ஏஞ்சலாவை அந்த 1602 உலகத்துக்கே சூனிய வேட்டைக்காரியாக அனுப்பினார்கள். தன் வழக்குச் செலவில் கட்டிய ஊருக்குள் அவளே நடந்து போகிறாள். திட்டமிட்டார்களா, தற்செயலா, எப்படி இருந்தாலும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

ஏப்ரல் 24
இவ்வளவு எழுதியும் அவளை நான் ஏன் இன்னும் படிக்கிறேன் என்று சொல்லவில்லை. காரணம் கெய்மன் இல்லை. 2014 கடைசியில் தொடங்கிய 'அஸ்கார்ட்ஸ் அசாசின்' என்ற ஆறு இதழ்கள்.

கீரன் கில்லன், மார்கெரீட் பென்னட் இருவரும் எழுத்து. ஓவியம் ஃபில் ஹிமெனெஸ், ஸ்டெஃபனி ஹான்ஸ். ஒவ்வோர் இதழிலும் நடப்புக் கதை ஒரு பக்கம் ஓட, நடுவில் ஏஞ்சலாவின் தோழி செரா பழங்கதை ஒன்றைச் சொல்கிறாள். நடப்புக் கதை ஹிமெனெஸ், எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு நுணுக்கம். செராவின் கதைகள் ஹான்ஸ். கோட்டை நம்பாமல் வண்ணத்தில் வரைகிறவர் அவர். பக்கம் முழுக்கப் பழுப்பும் ரத்தச் சிவப்பும் பொன்னும். அவர் கையில் ஏஞ்சலாவின் கவசம் கவசமாகவே தெரிகிறது, கனம் தெரிகிறது. நாடாக்கள் புகை போல் கரைகின்றன.

கதை இதுதான். ஓடினுக்கும் ஃப்ரெய்யாவுக்கும் புதிதாக ஒரு பெண் குழந்தை, லாசா. ஏஞ்சலா அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். குழந்தையாகத் திருடப்பட்டவளே இப்போது குழந்தை திருடுகிறாள். அஸ்கார்டு மொத்தமும் துரத்துகிறது, தோர் துரத்துகிறான், அவள் காரணம் சொல்வதில்லை. குழந்தைக்குள் நெருப்பு அரக்கன் சர்ட்டூரின் நெருப்பு புகுந்திருக்கிறது, அதை எரித்து வெளியேற்ற ஹெவெனில் மட்டுமே வழி உண்டு என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. சொல்லியிருந்தால் உதவியிருப்பார்களே என்று முதலில் எரிச்சல்பட்டேன். ஆனால் உதவி கேட்டால் கடன்படுவாள். கடன்படக் கூடாது என்றே வளர்ந்தவள் அவள். எழுத்தாளர்கள் அந்தச் சட்டத்தை வெறும் அலங்கார வாசகமாக விடாமல், ஒரு பெண்ணின் வாயைக் கட்டுகிற கயிறாக ஆக்கிவிட்டார்கள்.

அவள் கணக்குப் பார்க்காத ஒரே ஆள் செரா. ஹெவெனில் ஆண்கள் அரிது, ஆங்கரைட் என்று கோயிலுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருப்பார்கள். அப்படி அடைபட்டிருந்தவள் செரா. தான் பெண் என்று அறிந்து, வெளியேறி, ஏஞ்சலாவோடு நடந்தவள். ஓயாமல் பேசுவாள், ஏஞ்சலா வாயே திறக்க மாட்டாள். இந்த ஜோடிக்காகவே தொடரைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

முடிவு தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கூடவே வந்த செரா செராவே இல்லை. தோரின் பழைய எதிரி மாலெகித் வேஷம் போட்டு வந்திருக்கிறான். நிஜச் செரா செத்து, செத்தவர்களின் உலகமான ஹெல்லில் இருக்கிறாள். அவளை மீட்கப் போவதுதான் அடுத்த தொடரான 'குவீன் ஆஃப் ஹெல்'. அங்கே, அந்த உலகத்தை ஆளும் ஹெலாவிடமிருந்து ஏஞ்சலா கிரீடத்தையே பறிக்கிறாள். ராஜ்யம் வேண்டும் என்றில்லை, ஒருத்தியை வெளியே கொண்டுவர அதுதான் வழி. வேலை முடிந்ததும் கிரீடத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறாள்.

ஏப்ரல் 25
"எல்லாவற்றிலும் அரசியலைத் திணிக்கிறார்கள்" என்று செரா பற்றி எழுதியவருக்கு: ஆறு இதழையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். செராவை எடுத்துவிட்டால் கதை சொல்ல ஆளே இல்லை. மாலெகித் திருப்பம் வலிப்பதும் அவளை நமக்குப் பிடித்துப்போனதால்தான். அதற்கு மேல் இதில் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

ஏப்ரல் 27
கெய்மன் பெயரை இத்தனை முறை எழுதியிருக்கிறேன், ஒருவர் கேட்டது நியாயம். 2024 முதல் பல பெண்கள் அவர் மேல் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள், அவர் மறுத்திருக்கிறார். அதற்கு அப்புறம் அவருடைய பழைய புத்தகங்களை எடுக்கும்போது எனக்குக் கை தயங்குகிறது. ஏஞ்சலா விஷயத்தில் ஒரு சௌகரியம்: நான் திரும்பப் படிக்க விரும்பும் பக்கங்களை எழுதியதும் வரைந்ததும் வேறு ஆட்கள். சௌகரியமாகத்தான் யோசிக்கிறேனோ என்ற சந்தேகமும் கூடவே இருக்கிறது.

மே 2
அதற்குப் பின்னால் வந்தவை: 2018-ல் கல்லன் பன் எழுதிய 'அஸ்கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி', அதில் அவள் குழுத்தலைவி. 2019-ல் 'ஸ்ட்ரைக்ஃபோர்ஸ்', கூட்டத்தில் ஒருத்தி. இரண்டும் படிக்கலாம், வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டமாக வரும் கதைகளில் அவளைக் கோபக்காரி என்ற ஒரே குணத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவள் கோபக்காரி கிடையாது, கறாரானவள்.

மே 11
எதிலிருந்து தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மார்வெல் பக்கம் என்றால் பத்தாவது உலகக் கதையை வேகமாகப் புரட்டிவிட்டு நேரே 'அஸ்கார்ட்ஸ் அசாசின்', அப்புறம் 'குவீன் ஆஃப் ஹெல்'. 1602 கதை இரண்டுக்கும் நடுவில் வந்தது, ஹான்ஸின் ஓவியத்துக்காகப் பார்க்கலாம். சின்னத் திரையில் படிக்காதீர்கள், அந்தச் சிவப்பு செத்துப்போகும். காகிதத்தில் வாங்குங்கள். நான் இணையத்தில் வாங்கிய பிரதி முனை மடங்கி வந்தது, திருப்பி அனுப்பப் போய் அந்தப் பதிப்பே தீர்ந்துவிட்டது என்றார்கள். மடங்கியதையே வைத்துக்கொண்டேன்.

ஸ்பான் 9-க்கு அலைய வேண்டாம் என்று ஒருவர் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து லட்சத்துக்கு மேல் அச்சடித்த இதழ், வெளிநாட்டுப் பழைய காமிக்ஸ் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் ஏஞ்சலா என்ற பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். பளபளப்பான பிரதிக்கு அந்தக் காசு கொடுக்காதீர்கள், அட்டை கிழிந்தது போதும். அலுவலகப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.